மாட்டின் உணவுக்குழாய் அடைப்பு: வாயில் கை விடும் முன் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரம் வட்டாரத்தில் மாமரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஏகாம்பரநாதர் கோயிலின் தலவிருட்சமே மாமரம்தான். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் மாங்காய், கறவை மாடு வைத்திருப்பவருக்கு ஒரு கவலையையும் கொண்டு வருகிறது. மேய்ச்சலுக்குப் போன மாடு, மாங்காயை மெல்லாமல் அப்படியே விழுங்கி, அது தொண்டையில் சிக்கிக் கொள்வது அந்தக் காலத்தில் அடிக்கடி நடப்பது. ஆடி, ஆவணியில் ஏரிக்கரைப் பனைகளின் கீழ் பனம்பழம் விழும்போது பனங்கொட்டை அந்த வேலையைச் செய்கிறது. மற்ற மாதங்களில் மார்க்கெட் கழிவு. ராஜாஜி மார்க்கெட்டிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையில் கொண்டு வந்து கொட்டும் பீட்ரூட், முள்ளங்கி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் தண்டு ஆகியவற்றில் எது வேண்டுமானாலும் சிக்கலாம்.

உணவுக்குழாய் முழுவதுமாக அடைபட்டால், நல்ல கறவை மாடு சில மணி நேரத்துக்குள் செத்துப் போகும். தக்க நேரத்தில் கால்நடை மருத்துவர் வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். இந்த இடைப்பட்ட நேரத்தில் வீட்டுக்காரர் என்ன செய்கிறார், என்ன செய்யாமல் இருக்கிறார் என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. மாட்டைக் காப்பாற்றப் போய் மனிதர் உயிருக்கு ஆபத்தைத் தேடிக் கொள்வதும் உண்டு. அதைப் பற்றியும் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

பெயரால் வரும் குழப்பம்

"மாட்டுக்குத் தொண்டை அடைச்சிருக்கு" என்று ஒருவர் வந்து சொன்னால், மருத்துவர் உடனே இரண்டு மூன்று கேள்வி கேட்பார். காரணம், நம் பேச்சு வழக்கில் அடைப்பு என்ற ஒரே சொல் வெவ்வேறு நோய்களுக்கு வழங்குகிறது.

வெறுமனே "அடைப்பான்" என்றால் அது ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய தொற்று நோய். "தொண்டை அடைப்பான்" என்றால் அது வேறு. பாஸ்டுரெல்லா என்ற நுண்ணுயிரால் மழைக்காலத்தில் வரும் நோய் அது. மாட்டைவிட எருமையை அதிகம் தாக்கும். அதில் தொண்டைக்குள் எந்தப் பொருளும் சிக்குவதில்லை. கடும் காய்ச்சல் அடிக்கும். மாட்டின் இயல்பான உடல் சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும். இந்த நோயில் 105, 106 என்று ஏறும். தாடைக்குக் கீழும் தொண்டையிலும் சூடான வீக்கம் தோன்றும். மூச்சு விடும்போது கர், கர் என்று சத்தம் வரும். ஓரிரு நாளில், சில சமயம் அதற்கும் முன்பே, உயிர் போய்விடும். மழைக்கு முன் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக் கொள்வதே இதற்கு வழி. நம் பக்கத்து ராணிப்பேட்டையில் 1932ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இப்படிப்பட்ட தடுப்பு மருந்துகள் தயாராகின்றன.

இக்கட்டுரையில் நாம் சொல்லும் உணவுக்குழாய் அடைப்பு இந்த இரண்டும் அல்ல. இது தொற்று நோயே அல்ல. ஏதோ ஒரு பொருள் குழாயில் சிக்கிக் கொண்டதால் வரும் விபத்து. காய்ச்சல் இருக்காது. தடுப்பூசியும் கிடையாது. ஆகவே மருத்துவருக்குப் போன் செய்யும்போது "தொண்டை அடைப்பான்" என்று நோயின் பெயரைச் சொல்லாமல், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். "சாயங்காலம் வரை நன்றாக இருந்தது, தோப்பில் மேய்ந்து வந்தது, இப்போது எச்சில் ஒழுகுகிறது, இடது பக்க வயிறு ஏறுகிறது" என்று சொன்னால், எந்தக் கருவியை எடுத்து வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

குழாயின் அமைப்பு

மாட்டின் உணவுக்குழாய் ஏறத்தாழ மூன்றடி நீளமுள்ள தசைக்குழாய். தொண்டையில் தொடங்கி, கழுத்தின் இடது பக்கமாக இறங்கி, மார்புக்கூட்டுக்குள் நுழைந்து, இருதயத்தைத் தாண்டிப் பெருவயிற்றில் போய்ச் சேருகிறது. மனிதருக்கு இந்தக் குழாய் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. மாட்டுக்கு இருவழிப் பாதை. விழுங்கிய தீவனம் கீழே போவதும், அசை போட அது மேலே வருவதும் இதன் வழியேதான்.

மூன்றாவதாக ஒரு போக்குவரத்தும் உண்டு. அதைப் பலர் நினைப்பதில்லை. பெருவயிற்றில் தீவனம் புளித்துக் கொண்டே இருப்பதால் வாயு ஓயாமல் உண்டாகிறது. ஒரு பெரிய மாட்டின் வயிற்றில், தீனி தின்ற பிறகு, மணிக்கு 30 லிட்டர் அளவுக்குக்கூட வாயு சேரும். இவ்வளவும் ஏப்பமாக இதே குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குழாய் அடைபட்டால் ஏப்பம் நின்று போகிறது. வாயு உண்டாவது மட்டும் நிற்பதில்லை. வயிறு ஊதி, நெஞ்சுக்கூட்டை நெருக்கி, மாடு மூச்சு விட முடியாமல் திணறிச் சாகிறது. தொண்டையில் மாங்காய் சிக்கிய மாடு பட்டினியால் சாவதில்லை, வயிற்று உப்புசத்தால்தான் சாகிறது.

எச்சில் ஒழுகுவதற்கும் இதுவே காரணம். கலப்பினக் கறவை மாட்டுக்கு ஒரு நாளில் 100 லிட்டர் அளவுக்கு எச்சில் சுரக்கும். எப்போதும் அது தானாக உள்ளே போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. வழி அடைபட்டதும் வாயிலும் மூக்கிலும் கொட்டுகிறது.

குழாயில் சில இடங்கள் குறுகலானவை. தொண்டையின் பின்புறம் ஒன்று. கழுத்து முடிந்து மார்புக்குள் நுழையும் இடம் ஒன்று. இருதயத்துக்கு மேலே ஒன்று. பிறகு பெருவயிற்றின் வாசல். பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் பொருள் நிற்கும். கழுத்துப் பகுதியில் நின்றால் இடது பக்கம் மேடாகத் தெரியும், தடவினாலும் தட்டுப்படும். மார்புக்குள் போய் நின்றுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. "தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று நிம்மதி அடைய முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அறிகுறிகள்

தின்று கொண்டிருந்த மாடு திடீரென்று தீனியை விட்டுத் தலையைத் தூக்கும். கழுத்தை முன்னால் நீட்டும். விழுங்கப் பார்க்கும், முடியாமல் மறுபடியும் விழுங்கப் பார்க்கும். இருமும். வெறும் வாயை மென்று கொண்டே இருக்கும். நூல் நூலாக எச்சில் தொங்கும். தண்ணீர் காட்டினால் ஆவலோடு வாய் வைக்கும். குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வரும். சிறிது நேரத்தில், இடது பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே உள்ள குழி நிறைந்து மேடாகும். தட்டினால் மேளம் போல் ஒலிக்கும்.

சிக்கிய பொருளைச் சுற்றி வாயு போக இடம் இருந்தால் அது அரை அடைப்பு. எச்சில் ஒழுகும், ஆனால் வயிறு அவ்வளவாக ஏறாது. அப்படிப்பட்ட மாடு ஓரிரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். "தானே சரியாகிவிடும்" என்று இருந்துவிடக் கூடாது. சிக்கிய பொருள் அழுத்திக் கொண்டே இருந்தால் குழாயின் உட்சுவர் புண்ணாகி அழுகத் தொடங்கும்.

எண்ணெய் புகட்டலாமா?

கிராமத்தில் மாட்டுக்கு வயிறு ஊதினால் முதலில் தேடுவது நல்லெண்ணெயும் மூங்கில் குழாயும்தான். இந்தப் பழக்கத்தில் தவறில்லை. காராமணிக் கொடி போன்ற பயறு வகைப் பசுந்தீவனத்தை அளவுக்கு மேல் தின்று, நுரை நுரையாக வாயு கட்டிய மாட்டுக்கு, நுரையை உடைக்க எண்ணெய் உதவும்.

ஆனால் வயிறும் ஊதி, வாயிலும் மூக்கிலும் நீர் ஒழுகினால், ஒரு சொட்டு எண்ணெயும் புகட்டக் கூடாது. கஷாயம், சோடா, உப்புத் தண்ணீர் எதுவும் கூடாது. கீழே போக வழியில்லாத திரவம் பக்கத்து வழியான மூச்சுக்குழாயில் இறங்கும். எண்ணெய் நுரையீரலில் புகுந்தால் அதை வெளியே எடுக்க எந்த வைத்தியமும் இல்லை. அடைப்பை எடுத்த பிறகும், நாலாம் நாள் நிமோனியா கண்டு மாடு இறக்கும். உப்புசம் என்ற ஒரே அறிகுறி; ஒன்றில் எண்ணெய் மருந்து, இன்னொன்றில் அதுவே எமன். வாயைப் பார்த்துவிட்டு எண்ணெயைக் கையில் எடுங்கள்.

கையை விடும் முன்

இப்போது மனிதர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறோம்.

எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை என்றதும், ஊரில் அனுபவசாலியான ஒருவர் சட்டையைக் கழற்றி, மாட்டின் நாக்கை இழுத்துப் பிடித்து, தொண்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார். சில சமயம் மாங்காயோடு கை வெளியே வரும். சில சமயம் எதுவும் கிடைக்காது. "உள்ளே ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் கையைத் தொட்டித் தண்ணீரில் அலம்பிக் கொண்டு போவார். எதுவும் கிடைக்காத அந்த மாடுதான் அபாயமானது.

வெறிநாய் கடித்த மாட்டுக்கும் முதலில் தெரியும் அறிகுறிகள் இவையே. வெறிநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவதால் தொண்டைத் தசைகள் செயலிழக்கின்றன. மாடு விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கிறது. பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது போலவே தோன்றும். அந்த எச்சிலில் நோய்க் கிருமி இருக்கும். களை எடுத்த கை, கதிர் அறுத்த கை, கயிறு இழுத்துக் காய்த்த கை என்று கீறலும் வெடிப்பும் இல்லாத உழவர் கை எது? மாட்டின் பல்லில் உரசினாலும் புதிதாகச் சிராய்ப்பு ஏற்படும். மனிதருக்கு வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

"எங்கள் மாட்டை நாய் கடிக்கவில்லையே" என்பார்கள். கடித்ததற்கும் நோய் தெரிவதற்கும் இடையே பல வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகலாம். மேய்ச்சலில் எப்போதோ நாய் கவ்விய சிறு காயம் ஆறி, தழும்பு முடியில் மறைந்திருக்கும். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. அடைப்பு திடீரென்று வரும், அதுவும் தின்று கொண்டிருக்கும்போதோ தின்று முடித்த சிறிது நேரத்திலோ வரும். மாடு பயந்து தவிக்குமே தவிரப் புத்தி தெளிவாக இருக்கும். வீட்டாரை அடையாளம் காணும். வயிறு வேகமாக ஊதும். வெறிநோய் கண்ட மாடு ஒன்றிரண்டு நாளாகவே தீனி குறைந்து, ஒரு மாதிரியாக இருந்திருக்கும். குரல் மாறிக் கரகரத்துக் கத்தும், ஓயாமல் கத்தும். பார்வை வேறாக இருக்கும். பின்னங்கால் தள்ளாடும். அடிக்கடி முக்கும். சில மாடுகள் முட்ட வரும்; சில மாடுகள் சாதுவாக வாயைப் பிளந்து நிற்கும். இந்தச் சாதுவான வகைதான் ஆளை ஏமாற்றும்.

இந்த அடையாளங்களை முழுக்க நம்பிவிடவும் கூடாது. கைதேர்ந்த மருத்துவரே முதல் நாளில் தயங்குவார். உறை போடாமல் வாயில் கை வைக்க மாட்டார். நாமும் அப்படியே இருக்க வேண்டும். மாங்காயை விழுங்கியதைக் கண்ணால் பார்த்திருந்தாலும் மருத்துவர் வரும் வரை காத்திருங்கள்.

ஏற்கெனவே கை விட்டுவிட்டவர் என்ன செய்வது? சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் விவரம் சொல்ல வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தொடங்கிய நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்கள் என்று அரசு மருத்துவமனைகளில் முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டு வயலுக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது.

வெறிநோய் சந்தேகம் உள்ள மாட்டின் பாலைக் கறக்கவோ விற்கவோ கூடாது. முன்பே காய்ச்சிக் குடித்தவர்கள் பீதி அடைய வேண்டாம். கொதியில் கிருமி செத்துவிடும். பச்சைப் பால் குடித்தவர்கள், கன்றுக்குட்டி ஊட்டிய மடியைக் கறந்தவர்கள் மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெறுதல் நலம். நாய் கடித்தது தெரிந்த உடனேயே மாட்டின் காயத்தைச் சோப்பால் கழுவி மாட்டுக்கும் தடுப்பூசி தொடங்கலாம். நோய் கண்ட பின் எதுவும் பயன் தராது.

கோமாரியிலும் எச்சில் ஒழுகும். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம், குளம்பு இடுக்கில் புண், நொண்டல் ஆகியவற்றைக் கொண்டு அதை எளிதில் கண்டு கொள்ளலாம்.

மருத்துவர் வரும் வரை

முதலில் போன். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்; கிடைக்காவிட்டால் 1962 என்ற கட்டணமில்லாத எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கேட்கலாம். வயிறு ஏறுகிறது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தீனி, தண்ணீர் இரண்டையும் உடனே எட்ட வையுங்கள். மாட்டை நிற்க வையுங்கள். முன்னங்கால்கள் சற்று மேட்டில் இருக்கும்படி நிறுத்தினால் நெஞ்சின் மேல் அழுத்தம் குறையும். தலையைத் தூக்கிக் கட்டாதீர்கள். தாராளமாகத் தொங்கவிட்டால்தான் எச்சில் வெளியே வடியும், மூச்சுக்குழாயில் இறங்காது. படுத்துவிட்டால் பக்கவாட்டில் சாயவிடாமல், நெஞ்சின் மேல் நிமிர்ந்து படுக்கும்படி வைக்கோல் கட்டுகளை முட்டுக் கொடுங்கள்.

கழுத்தில் மேடு தெரிந்தால் அதைக் குத்தாதீர்கள், கட்டையால் தட்டி உடைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பக்கமும் பலகை வைத்து அடிக்கும் வழக்கம் சில ஊர்களில் இருந்தது. மாங்கொட்டை உடையாது, குழாய்தான் உடையும். மூங்கில் குச்சி, கரும்பு, தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் இவற்றை விட்டுக் கீழே தள்ளுவதும் அதே விபரீதம். குழாய் கிழிந்துவிட்டால் கழுத்துத் தோலுக்கு அடியில் காற்று புகுந்து, தொட்டால் நறநறவென்று ஒரு உணர்ச்சி தெரியும். அதன் பிறகு மாட்டைக் காப்பாற்றுவது அரிது.

மருத்துவர் செய்வது என்ன

அவர் செய்வதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால், "வயிற்றில் குத்துகிறாரே" என்று பதறித் தடுக்க மாட்டோம்.

வயிறு மிகவும் ஏறியிருந்தால், முதல் வேலை அடைப்பை எடுப்பது அல்ல, வாயுவை இறக்குவது. இடது பக்கம் குழி இருந்த இடத்தில் ட்ரோக்கார் என்ற கருவியைக் குத்துவார். அது ஒரு குழாய்க்குள் வைத்த கூரிய ஊசி. குத்திவிட்டு ஊசியை உருவினால் குழாய் மட்டும் நிற்கும். அதன் வழியே வாயு சீறிக் கொண்டு வரும். மாட்டின் முகத்தில் அப்போதே தெளிவு தெரியும். அடைப்பு நீங்கும் வரை அந்தக் குழாய் அங்கேயே இருக்கும். சாதாரணக் கத்தியால் நாமே குத்திவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். இடம் தவறினால் சிறுநீரகம், குடல் என்று எங்கேயோ பாயும். சரியான இடத்தில் பாய்ந்தாலும் வயிற்றுச் சரக்கு உள்ளே சிந்திச் சீழ் வைக்கும்.

உப்புசம் அடங்கிவிட்டால் அவசரம் குறைந்துவிடும். மயக்கமும் தசைத் தளர்ச்சியும் தரும் ஊசி போட்டுச் சிறிது நேரம் காத்திருப்பார். இறுகப் பிடித்திருந்த குழாய் தளர்ந்ததும் பொருள் தானாகவே நகர்ந்துவிடுவது உண்டு. மேல்பகுதியில் இருந்தால், வாய்க்கு முட்டுக் கட்டை போட்டு, உறை அணிந்த கையால் எடுப்பார். உதவியாள் ஒருவர் வெளியிலிருந்து கழுத்தை நீவி மேலே தள்ளித் தருவார். மார்புக்குள் இருந்தால், வழவழப்பான எண்ணெய்ப்பசை தடவிய நீண்ட குழாயை மெதுவாகச் செலுத்தி வயிற்றுக்குள் இறக்கப் பார்ப்பார். நாம் ஓஸ் விடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கை அறிந்த வித்தை.

இவை பலிக்காவிட்டால் அறுவை சிகிச்சை. பொருள் பெருவயிற்றின் வாசலுக்கு அருகே இருந்தால், வயிற்றைத் திறந்து உள்ளிருந்து கையால் இழுத்து எடுப்பது நல்ல பலன் தரும். கழுத்தில் இருந்தால் குழாயையே திறக்க வேண்டி வரலாம். உணவுக்குழாயில் போட்ட தையல் ஆறுவது கடினம் என்பதால், இதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக் கொள்வார்கள். பெரிய அறுவைக்குச் சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு முதல் இருந்து வரும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லலாம். போகும் வழியில் வயிறு மறுபடி ஏறாதபடி, வாயு வெளியேற வழி செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

மெதுவாக வரும் அடைப்பு

ஒரே நாளில் வராமல், வாரக்கணக்கில் விட்டு விட்டு உப்புசம் வந்து போகும் மாடுகளும் உண்டு. குழாய்க்குள் ஒன்றும் சிக்கியிருக்காது. வெளியிலிருந்து வீங்கிய நெறிக்கட்டி அழுத்தும். அல்லது பழைய புண் ஆறிக் குழாய் சுருங்கியிருக்கும். சிலவற்றில் கட்டி வளர்ந்திருக்கும். இவற்றை மருத்துவமனைக்குக் கொண்டு போய்த்தான் கண்டறிய வேண்டும்.

இந்த இடத்தில் மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாட்டுக்குத் தொண்டை அடைத்தால் ராத்திரியே ஓடுகிற நாம், நமக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மாதக்கணக்கில் கஞ்சியாகக் கரைத்துக் குடித்துச் சமாளிக்கிறோம். முதலில் கெட்டிச் சோறு நெஞ்சில் நிற்பது, பிறகு குழைந்த சோறும் நிற்பது, கடைசியில் தண்ணீரும் இறங்காமல் போவது, உடம்பு இளைப்பது: இப்படிப் படிப்படியாக முற்றினால் அது உணவுக்குழாய்ப் புற்றுநோயாக இருக்கக்கூடும். புகையிலை, புகையிலை சேர்த்த வெற்றிலை, பீடி, சாராயம் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். நாக்கு பொசுங்கும் சூட்டில் காப்பி, தேநீர் குடிப்பதும் நல்லதல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் விழுங்கச் சிரமம் இருந்தால், குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் 1969 முதல் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

வராமல் பார்த்துக் கொள்ள

மாடு இயற்கையாகவே அரைகுறையாக மென்று விழுங்கி, அப்புறம் சாவகாசமாக அசை போடும் பிராணி. பசியோடு இருந்தால் மெல்வது இன்னும் குறையும். மாங்காய் விழும் காலத்தில் மேய்ச்சலுக்கு ஓட்டும் முன் இரண்டு கை வைக்கோலாவது போட்டு, ஆவல் அடங்கிய பிறகு அவிழ்த்து விடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. தோப்பில் மாடு மாங்காயைக் கவ்வியதும் காவல்காரப் பையன் கோலைத் தூக்கிக் கொண்டு கத்தியபடி ஓடி வருவான். நிதானமாகக் கடித்துத் தின்றிருக்க வேண்டிய மாடு, மிரண்டு தலையைத் தூக்கி, முழுசாக விழுங்கிவிட்டு ஓடும். அடைப்பு கண்ட மாடுகளின் கதையைக் கேட்டால் இந்தத் துரத்தல் நடுவில் வந்து நிற்கும். வாயில் கவ்விவிட்டது என்றால் அந்த ஒரு மாங்காய் போகட்டும் என்று விட்டுவிடுவதே லாபம்.

மார்க்கெட் கழிவை மூட்டையோடு கொட்டாதீர்கள். பீட்ரூட், முள்ளங்கி, உருளைக்கிழங்கு போன்ற உருண்டைக் காய்களை மெல்லிய சீவல்களாக அரிய வேண்டும், அல்லது உலக்கையால் நசுக்கிவிட வேண்டும். பாதியாக வெட்டிப் போடுவது முழுசாகப் போடுவதைவிட மோசம். முழுக்காய் வாயில் நுழையாது, பாதிக்காய் சரியாகத் தொண்டைக்கு வந்து நிற்கும். பத்துப் பதினைந்து நிமிட வேலையைச் சோம்பிப் பார்க்கக் கூடாது.

கோயிலைச் சுற்றியும் கல்யாண மண்டபங்களின் பின்புறமும் மாட்டை அவிழ்த்து விடும் வழக்கம் நகரத்தில் இன்னும் இருக்கிறது. இலையோடு பிளாஸ்டிக் பையும் உள்ளே போகிறது. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருந்தாலும், குப்பைத் தொட்டியில் அது குறைந்தபாடில்லை. பை தொண்டையில் நிற்காவிட்டாலும் பெருவயிற்றில் தங்கிச் சேர்ந்து கொண்டே போகும். மீந்த சோற்றைக் குவியலாகத் தின்ற மாட்டுக்கு வயிறு புளித்து வரும் ஆபத்து தனி.

வீட்டுக் கொல்லையில் துணி, கயிறு, கழிவு நூல், எலும்பு, செருப்புத் தோல் என்று கண்டதையும் மெல்லும் மாடு இருந்தால், அதைக் குறும்பு என்று நினைக்க வேண்டாம். உடலில் பாஸ்பரஸ் போன்ற தாது உப்புக் குறைந்த மாடுகள் இப்படிச் செய்யும். குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, தாது உப்புக் கலவையைக் கறவை மாட்டுக்கு நாள்தோறும் 30 முதல் 50 கிராம் வரை தவிட்டில் கலந்து வைத்தால், சில வாரங்களில் அந்தப் பழக்கம் குறையக் காணலாம்.

அடைப்பு நீங்கிய பின்

பொருளை எடுத்ததும் மாடு தீனிக்குத் தாவும். அன்று கட்டாந்தீனி வேண்டாம். குழாயின் உட்சுவர் புண்ணாக இருக்கும். மூன்று நான்கு நாள் வரை, ஊற வைத்த தவிடு, கஞ்சி, இளம் புல் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வைக்கோலை அதன் பிறகு சேர்க்கலாம். ஒரு வாரம் வரை காலையும் மாலையும் மாட்டைக் கவனியுங்கள். இருமல், காய்ச்சல், வேகமான மூச்சு, மூக்கில் நாற்றமடிக்கும் சளி இவற்றில் ஏதாவது தெரிந்தால், எச்சில் நுரையீரலில் இறங்கியிருக்கிறது என்று பொருள். மருத்துவரை மறுபடி அழைக்க வேண்டும். போட்ட ஊசி மருந்து பாலில் எத்தனை நாள் வரும் என்று அவரிடமே கேட்டு, அத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் இருக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் மாடு இறந்துவிட்டால், காதிலுள்ள இன்சூரன்ஸ் வில்லையை அறுத்து எடுக்காமல், உடலைப் புதைக்காமல், இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கும் மருத்துவருக்கும் உடனே தகவல் கொடுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் பணம் கேட்பது கஷ்டம். மூக்கு, ஆசனவாயிலிருந்து கருத்த ரத்தம் வடிந்திருந்தால் அது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். அந்த உடலை யாரும் அறுக்கக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது. மருத்துவர் பார்த்த பிறகு ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.